முட்டி உரசறதுக்கு முன்னால கொஞ்சம் குந்து நைனா

இன்னா நைனா, வண்டி ஓட்டறதுக்குப் பள்ளிக்கூடம் போயிட்டு வந்துகிறியாமே? ஊரெல்லாம் அதே பேச்சு. பலமனேர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில கூட உன் சர்டிபிகேட்டப் பத்தித்தான் பேசிக்கினு இருக்கானுங்க. சந்தோசம். படிப்பு எதுவா இருந்தா இன்னா, நல்லதுதான். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதே. லைசென்ஸ் வாங்கி இத்தினி வருசம் கழிச்சு இப்பதான் ஓட்டக் கத்துக்கினேன்னு சொல்றியே, இது வரிக்கும் ரோட்டுல இன்னா பண்ணிக்கினு இருந்தே?

சரி, உடு. எங்க போனே? இருங்காட்டுக்கோட்டை. நம்ம பக்கத்துல இருந்து போனா சித்தூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் எல்லாம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு அந்தாண்ட. 1990-ல தொறந்த ரேஸ் மைதானம். சுத்தி வந்தா 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. அதுக்கு முன்னாடி மெட்ராஸ்காரங்க சோழவரத்துல ரேஸ் ஓட்டுவாங்கோ, யுத்த காலத்து ஏரோப்பிளான் ஓடின தார் ரோட்டுல. அந்தக் கிளப்பு 1953-லயே ஆரம்பிச்சது. அதனால இது ஒண்ணும் நேத்து மொளைச்ச ஷோக்கு இல்ல. கோயம்புத்தூருல கரி ஸ்பீட்வேன்னு இன்னொண்ணு கீது. அமெரிக்காவுல கீத் கோடுன்னு ஒரு ஆளு 1980-ல தொடங்கின சூப்பர்பைக் பள்ளிக்கூடம் நம்ம இருங்காட்டுக்கோட்டைக்கே வந்து பாடம் நடத்துது. துட்டு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா சொல்லித் தர்றவங்க வெவரமானவங்கதான். அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

சந்தேகமெல்லாம் உன் மேலதான்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலைல பெங்களூருல இருந்து உன் கூட்டாளிங்க முளுபாகல், நங்கிலி தாண்டி வர்றாங்களே, பாக்கறேன். தெருக்கூத்துல துரியோதனன் வேஷம் கட்டினவன் மாதிரி தோளு மட்டும் ரெண்டாளு அகலம். முட்டியில ஒரு பிளாஸ்டிக் வில்லை. தலை மேல காமிரா, நெஞ்சு மேல ஒண்ணு, வண்டி வாலுல ஒண்ணு. இத்தினி கண்ணு வச்சிக்கினு எதிர்ல வர்ற பால்காரன் மட்டும் தெரிய மாட்டேங்கறான், அது இன்னா மாயம்?

நாஸ்டா கடையில வண்டிய நிறுத்தினதும் இன்னா பண்றாங்க? குனிஞ்சு ஒருத்தன் டயர ஒருத்தன் பாக்கறான். டயரோட ஓரம் தேயாம புதுசா கீதான்னு சோதனை. ஓரம் தேஞ்சிருந்தா வீரன். தேயலேன்னா கோழை. இதுக்குப் பயந்துக்கினு வூட்டுலயே உப்புத்தாள் வச்சுத் தேச்சிக்கினு வர்றவனும் கீறானாம். காசு போட்டு வாங்கின டயர கையால தேக்கறான் பாரு. எங்க காலத்துல ஓனருக்குத் தெரிஞ்சா கன்னத்துல தேச்சிருப்பான்.

நான் ஓட்டினது தக்காளி லாரி. பலமனேர், வி.கோட்டா, மதனபல்லி மண்டியில ஏத்துவோம். எறக்கறது மெட்ராஸ்ல, முதல்ல கொத்தவால்சாவடி, 1996-க்கு அப்புறம் கோயம்பேடு. பழைய வண்டிங்களுக்கு கியர் லேசுல விழாது. கிளச்ச ஒரு தடவ மிதிச்சு நியூட்ரலுக்குக் கொண்டாந்து, ஆக்சிலேட்டர் குடுத்து, மறுபடி கிளச்ச மிதிச்சுத்தான் கீழ் கியர் போடணும். டபுள் கிளச்சுன்னு பேரு. நீ இப்ப காருல குதிகால் ஒரு பக்கம் நுனிக்கால் ஒரு பக்கம் வச்சு ஒரே காலால பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மிதிக்கக் கத்துக்கினு வந்தியே, அதோட பெரியப்பன் அது. மொகிலி ஏத்தத்துல கிளீனர் பையன் கட்டையைக் கையில புடிச்சிக்கினு கூடவே ஓடி வருவான், வண்டி பின்னால உருண்டா சக்கரத்துக்கு அண்டை குடுக்க. ஒருத்தனும் எங்களுக்குக் கைதட்டலே. போட்டோவும் புடிக்கலே.

உன் பாடத்துக்கு வருவோம். வளைவு வந்தா வெளி ஓரத்துல இருந்து உள்ள வா, உள் ஓரத்த உரசு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போ. அந்த உரசற எடத்துக்கு ஏபெக்ஸுன்னு பேரு. சரியா சொன்னேனா? கணக்கு சரிதான். வளைவ அப்படி நீட்டிக்கினா வேகம் கொறையாம போலாம். இருங்காட்டுக்கோட்டையில அது சரி. அங்க எல்லாரும் ஒரே பக்கம் போறாங்கோ. வழுக்கினா மண்ணுல போயி வுழலாம். கொடி புடிச்சிக்கினு ஆளு நிக்கறான். ஆம்புலன்ஸ் காத்துக்கினு கீது. நாயி கெடையாது, மாடு கெடையாது, மாமியார் வூட்டுக்குப் போற குடும்பம் கெடையாது.

இப்ப நம்ம குடியாத்தம் போற காட்டு ரோட்டுக்கு வா. இடப்பக்க வளைவு. வெளி ஓரத்துல இருந்து உள்ள வரணும்னியே, அந்த வெளி ஓரம் யாருது? எதிர்ல வர்றவனுது. உங்க தாத்தா உயில்ல உனக்கு எழுதி வச்சாரா இன்னா? வலப்பக்க வளைவு இன்னும் மோசம். அங்க உன் ஏபெக்ஸு நடுக்கோட்டு மேல கீது. நீ நல்ல புள்ளைதான், சக்கரத்தக் கோட்டுக்கு இந்தாண்டையே வச்சுக்கறே. ஆனா வண்டிய சாய்ச்சுக்கினு கீறே இல்ல, உன் தலை எங்க கீது? கோட்டுக்கு அந்தாண்ட! சக்கரம் சட்டப்படி போவுது, தலை சட்டத்த மீறிக்கினு போவுது. எதிர்ல ஆர்டிசி பஸ்காரன் அவன் எடத்துல ஒழுங்காத்தான் வருவான். கேஸு யாரு மேல போடறது, சக்கரத்து மேலயா?

அப்புறம் கார்த்திகை, மார்கழியில வந்து பாரு உன் ஏபெக்ஸ. கொள்ளுச் செடி, கேழ்வரகுத் தாளு எல்லாம் ரோட்டுலயே பரப்பியிருப்பாங்கோ, வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும்னு. தப்புதான். சொன்னா கேக்க மாட்டாங்கோ. களம் கூலி மிச்சமாவுதே! அந்தத் தாளு மேல சாஞ்சிக்கினு வந்தேன்னா நீயும் சேர்ந்துதான் உதிருவே. மாங்கா சீசன்ல சித்தூர் பக்கம் கூழ் பேக்டரிங்க வாசல்ல தோத்தாபுரி ஏத்தின டிராக்டருங்க வரிசை கட்டி ரோட்டு மேலயே நிக்கும். பின் விளக்கு எரியற டிராக்டர நீ பாத்துகிறியா? நான் பாத்ததில்ல.

மலை ரோட்டுச் சட்டம் உனக்கு யாராச்சும் சொன்னாங்களா? ஏறி வர்றவனுக்குத்தான் முதல் வழி, எறங்கறவன் ஒதுங்கி நிக்கணும். இது நாட்டோட ரோட்டு விதியிலயே கீது. காரணம் சுளுவு. ஏத்தத்துல பாரத்தோட நின்னவன் மறுபடி கெளம்பறது கஷ்டம். எறங்கறவனுக்கு பூமியே தள்ளி வுடும். ஆனா இன்னைக்கி எறங்கறவன்தான் லைட்ட அடிச்சு அடிச்சு வழி கேக்கறான். பள்ளத்துல போறவனுக்கு அத்தினி அவசரம் இன்னாத்துக்கு? பள்ளம் எங்க ஓடிப்பூடுது?

பொறு, உன் பள்ளிக்கூடத்த மட்டமா பேசிட்டேன்னு மூஞ்சியத் தூக்காதே. ரேஸ்காரங்க சொல்றதுல தங்கமான விசயமும் கீது. ஜாக்கி ஸ்டூவர்ட்டுன்னு ஸ்காட்லாந்துக்காரரு, 1969, 1971, 1973-ன்னு மூணு தடவ உலக சாம்பியன். அவரு ஓட்டக் கத்துக்குடுத்தது எப்படித் தெரியுமா? காரோட பானெட்டு மேல ஒரு கிண்ணத்த வச்சு, அதுல ஒரு பந்தப் போட்டு, பந்து வெளிய வுழாம ஓட்டுன்னாரு. பிரேக்க படக்குன்னு மிதிச்சா வுழுந்துடும். ஸ்டியரிங்க வெடுக்குன்னு ஒடிச்சாலும் வுழுந்துடும். மெதுவா மிதிக்க ஆரம்பிச்சு, அழுத்தி, மெதுவா விடணும். உலகத்துலயே வேகமா ஓட்டினவரு சொன்ன பாடம் இது. உன் காமிராவுல இதைப் புடிச்சா யாரும் பாக்க மாட்டாங்கோ, அதான் உனக்குப் புடிக்கல.

எங்களுக்குப் பந்து இல்ல. தக்காளி இருந்தது. அந்தக் காலத்துல மூங்கில் கூடை, இப்ப பிளாஸ்டிக் கிரேட்டு. மேல் வரிசை பளபளன்னு இருக்கும், அத்த யாரும் பாக்க மாட்டான். விடியக்காலைல மெட்ராஸ் மண்டிக்காரன் டார்ச்சு அடிச்சு கீழ் வரிசையத்தான் உருவிப் பாப்பான். சாறு எறங்கியிருந்தா கூடைக்கு இவ்வளவுன்னு வெலைய எறக்குவான். அதுல ஓனர் எங்கள எறக்குவான். மொகிலி வளைவுல எவன் பிரேக்க உதைச்சான், எவன் தடவினான்னு மண்டிக்காரன் ராத்திரி கூட வராமலே கண்டுபுடிச்சிடுவான். உனக்கு மார்க்கு போட்டது யாரு? ஒரு வாத்தியாரு, கையில ஒரு வாட்சு. எங்களுக்கு மார்க்கு போட்டது தக்காளி. அதுகிட்ட சிபாரிசு செல்லாது.

எறக்கத்துக்கு வா. எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல எறங்குன்னு பழைய டிரைவருங்க சொல்லுவாங்கோ. அதுல ஒரு மந்திரமும் இல்ல, இஞ்சினே வண்டியப் புடிச்சு நிறுத்தும். டாப் கியர்ல வுட்டுட்டு பிரேக்கையே மிதிச்சிக்கினு வந்தா சூடு ஏறும். லைனிங் தீயற வாடை வரும். அதுக்கு மேல போனா எண்ணெய் பிரேக்குல அந்த எண்ணெயே கொதிச்சு ஆவியாயி, பெடலு பஞ்சு மாதிரி உள்ள போவும். ரேஸ் மைதானத்துல இதுக்கு வழி கீது. நாலஞ்சு சுத்து சுத்தினா உள்ள வந்து ஆற வைப்பே. மலை ரோட்டுல ஆற வைக்கறது அடிவாரந்தான். அது வரிக்கும் பிரேக்கு இருக்கணுமே! டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல எறங்கறவன் கதைய நான் சொல்லப் போறதில்ல, காலைல அதைப் பேசக் கூடாது. 2024 செப்டம்பர்ல நம்ம மொகிலி கனுமாவுலதான் ஆர்டிசி பஸ்ஸும் லாரியும் மோதி உசுருங்க போச்சு. இன்னைக்கும் அந்த எடம் வந்தா டிரைவருங்க பேச்ச நிறுத்திடுவாங்கோ.

இப்ப கேளு, இதுக்கு நீ பதில் சொல்லியே ஆவணும். திருமலை மலை ரோடு. முதல் ரோடு போட்டது 1944-ல, ரெண்டாவது 1974-ல. இன்னைக்கி ஒண்ணு ஏற, ஒண்ணு எறங்க. எதிர்ல வண்டியே வராது. உன் மைதானம் எப்படியோ அப்படித்தான், ஒரே பக்கம். வளைவுக்கு வளைவு ஏபெக்ஸு கொட்டிக் கெடக்கு. அப்புறம் இன்னா, பறக்கலாமே? பறக்கலாம். ஆனா தேவஸ்தானத்துக்காரங்க உன்ன வுட பெரிய வாட்சு வச்சிருக்காங்கோ. மேல கெளம்பும்போது சீட்டுல டைம் குத்திக் குடுப்பாங்கோ. ஏற 28 நிமிசத்துக்குக் கொறையக் கூடாது. எறங்க 40 நிமிசத்துக்குக் கொறையக் கூடாது. கொறைஞ்சா கேட்டுல நிறுத்தி தண்டம்.

பாத்தியா, எறங்கறதுக்குத்தான் ஜாஸ்தி நேரம். கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர் எறக்கத்துக்கு 40 நிமிசம்னா மணிக்கு 30 கூட வராது. கூறு கெட்டவனா இத்தப் போட்டான்? மொட்டை அடிச்சிட்டு அசந்து தூங்கற குடும்பம் பின் சீட்டுல. முன்னால பஸ்ஸு. நடந்து மலை ஏறறவங்க பாதை சில எடத்துல ரோட்ட ஒட்டியே போவுது. இதெல்லாம் எண்ணித்தான் போட்டிருக்கான். உலகத்துல எந்த ரேஸுலயும் இல்லாத விதி: முதல்ல வந்தவனுக்கு அபராதம்.

ஆனா நம்ம ஆளு வுடுவானா? சர்ரு சர்ருன்னு அத்தினி வளைவும் எறங்கிட்டு, அலிபிரி கேட்டு வர்றதுக்கு முன்னால ஓரமா நிறுத்திட்டு நிப்பான். சீட்டப் பாப்பான், கடியாரத்தப் பாப்பான். இன்னும் எட்டு நிமிசம் கழியணும். பொண்டாட்டி கார்ல இருந்து எட்டிப் பாத்து, 'இதுக்கு மெதுவாவே வந்திருக்கலாமே, எனக்கு வாந்தியாவது வந்திருக்காது'ன்னு கேப்பா. பதில் சொல்ல முடியுமா? லட்டு மூட்டைய நகத்தி வச்சிக்கினு மரத்தப் பாத்துக்கினு நிப்பான். வேகமா ஓட்டி அவன் சம்பாரிச்ச எட்டு நிமிசமும் அந்த மரத்துக்குத்தான்.

சிரிக்கறே. சிரி. அடுத்ததுக்கு சிரிப்பு வராது.

நம்ம கௌண்டின்யா காடு தெரியுமில்ல, யானைங்க வந்து தங்கின காடு. 2023 ஜூன் மாசம், பலமனேர் பக்கத்துலயே, சித்தூர் ஹைவேயில, ராத்திரி நேரத்துல ரோட்டத் தாண்டின மூணு யானை சரக்கு வண்டி மோதி செத்துப் போச்சு. அதுல குட்டிங்களும் உண்டு. யானை, நைனா. கொசு இல்ல. அத்தாம் பெரிய உசுரு முன்னால நின்னும் கண்ணுக்குத் தெரிஞ்சு நிறுத்தறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. கருப்பு ரோடு, கருப்பு ராத்திரி, கருப்பு யானை.

கணக்கு போட்டுப் பாரு, உனக்குத்தான் கணக்கு வருமே. மணிக்கு 100-ல போறவன் ஒரு செகண்டுல 28 மீட்டர் தாண்டிடறான். கண்ணு பாத்து மூளைக்குச் சொல்லி காலு பிரேக்குக்குப் போறதுக்கே ஒரு செகண்டு ஆவும். அப்புறம் காய்ஞ்ச ரோடு, நல்ல டயருன்னு வச்சாலும் நிக்க இன்னும் 55 மீட்டர் பக்கம். மொத்தம் 80 மீட்டருக்கு மேல. எறக்கி வச்ச ஹெட்லைட்டு அத்தினி தூரம் ஒழுங்கா காட்டுமா? 50-ல வந்தா எல்லாம் சேர்த்து 30 மீட்டருக்குள்ள நின்னுடும். வேகம் பாதியானா பிரேக்குத் தூரம் நாலுல ஒரு பங்கு. இத்த உன் வாத்தியாரும் சொல்லியிருப்பாரு. நீ அந்த நேரம் கேண்டீன்ல இருந்திருப்பே. இப்ப பழக்கின கும்கி யானைங்கள கர்நாடகாவுல இருந்து 2025-ல கொண்டாந்து நம்ம பலமனேர் பக்கம் முகாம் போட்டு வச்சிருக்காங்கோ. காட்டு யானைய ஊருக்குள்ள வராம மடக்க அது ஒதவும். உன்ன மடக்க கும்கி இன்னும் பழக்கலே.

தெரியற தூரத்துக்குள்ள நிக்கணும்ங்கறத வெள்ளைக்காரன் எப்பவோ கண்டுக்கினான். லண்டன் போலீசுக்கு ஹெண்டன்னு ஒரு எடத்துல 1930-கள்ல டிரைவிங் பள்ளிக்கூடம் வச்சாங்கோ. 1937-ல அங்க ஆலோசனைக்குக் கூப்பிட்டது யார? காட்டன்ஹாம் பிரபுன்னு ஒரு ரேஸ்காரர. வந்தவரு ஏபெக்ஸு உரசக் கத்துக்குடுக்கலே. முதல்ல பாரு, எடத்தப் புடி, வேகத்தக் கொறை, கியர் போடு, அப்புறம் திருப்புன்னு ஒரு ஒழுங்கு வச்சாரு. அந்த வழிதான் பின்னால 1955-ல ரோடுகிராஃப்டுன்னு புத்தகமாச்சு. என் பேத்தி படிச்சுக் காமிச்சா. வளைவுல ரோட்டோட ரெண்டு ஓரமும் எங்க ஒண்ணா சேர்ற மாதிரி தெரியுதோ அந்த எடத்தப் பாரு, அது உன்ன நெருங்கி வந்தா வேகத்தக் கொறை, அது நகந்து நகந்து போனா நீயும் போன்னு அதுல எழுதியிருக்கு. கண்ணுக்குத் தெரியற தூரத்துக்குள்ள நிக்க முடியற வேகந்தான் வேகம். ஒரு ரேஸ்காரரு சொல்லி போலீசு கேட்டுது பாரு. ரேஸ்காரரு சொல்லி நீ கேக்க மாட்டேங்கறியே!

நீ கத்துக்கினதுல உருப்படியானதும் சொல்லிடறேன், இல்லேன்னா கெழவன் பொறாமைல பேசறான்னுவே. வளைவுல எங்க போவணுமோ அங்க பாக்கச் சொன்னாங்க இல்ல, அது நூத்துல நூறு. பள்ளத்தப் பாத்துக்கினே போறவன் பள்ளத்துலதான் போயி வுழுவான். வளைவுக்கு முன்னாலயே பிரேக்க முடிச்சுக்கோன்னாங்களே, அதுவும் சரி. கொஞ்சம் லேட்டா உள்ள திரும்பினா வளைவுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு முன்னாடியே தெரியும், உன் பக்கத்துலயே நிக்கலாம். மலை ரோட்டுக்கு அந்த ஏபெக்ஸுதான் லாயக்கு. அப்புறம் ஏபிஎஸ்ஸு, சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற பிரேக்கு. எங்க வண்டிங்கள்ல சக்கரம் பூட்டிக்கும்னு பிரேக்க வுட்டு வுட்டு மிதிப்போம். உன் வண்டியில அது கூடாது. ஆபத்துன்னா முழுசா புடிச்சுக்கினு ஏபிஎஸ்ஸ வேலை செய்ய வுடணும். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல விக்கற புது பைக்குங்களுக்கு எல்லாம் அது கட்டாயம். ஆனா அந்த லிவர் உள்ளங்கையில உதறும்போது எப்படி இருக்கும்னு தெரியாமலே பாதிப் பேரு பயந்து பிரேக்க வுட்டுடறான். மைதானத்துல போயி அத்த ஒரு தடவ பழகிட்டு வந்தியே, அதுக்கே நீ குடுத்த துட்டு சரியாப் போச்சு. மீதிய அங்கயே, அந்த 12 வளைவுலயே வுட்டுட்டு வந்திருக்கலாம். அதுங்க பத்திரமா பாத்துக்கும்.

சுத்தறதுக்கு இன்னும் ஆசை இருக்குதா? மறுபடி மைதானத்துக்கே போ. முட்டிய உரசு, சந்தோசமா இரு, நானே பஸ் ஏறி வந்து விசில் அடிக்கறேன். நம்ம ரோட்டுல வேணும்னா உன் பாட்டிய பின்னால ஏத்திக்கோ. கையில ஒரு தயிர் சொம்பு குடு. மொகிலி வரிக்கும் போயிட்டு வா. சொம்பு நிறைஞ்சு இருக்கணும், பாட்டி திட்டாம இருக்கணும். ரெண்டாவதுதான் கஷ்டம்.

அது கெடக்கட்டும். இவ்ளோ பெரிய சட்டை, இவ்ளோ பெரிய சர்டிபிகேட்டு. உன் வண்டி டயருல காத்து எவ்வளவு கீதுன்னு கடைசியா எப்ப பாத்தே? இன்னா முழிக்கறே? பஞ்சர் கடைக்காரன் ஏழு மணிக்குத் தொறப்பான், போ.